முகஜாடை – 14: அப்பா பேசிய தமிழ்

"மேடம், இன்டர்நேஷனல் பேஷன்ட்ஸ் லெஃப்ட் சைடு. பாஸ்போர்ட் காப்பி கையில் இருக்கட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, கையையும் நீட்டிக் காட்டினார் மருத்துவமனை வாசலில் நின்ற காவலாளி.

"அண்ணா, நான் தாம்பரம். டயாலிசிஸ் எந்த மாடின்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் வெண்ணிலா.

அவர் திகைத்தார். பிறகு சிரித்தார். "செகண்ட் ஃப்ளோர்மா. லிஃப்ட் அந்தாண்ட."

அந்தத் திகைப்பும் சிரிப்பும் வெண்ணிலாவுக்குப் புதிதல்ல. சுருண்டு அடர்ந்த முடி, அகன்ற மூக்கு, நல்ல உயரம். ஆட்டோக்காரர்கள் அவளிடம் இந்தியில் பேரம் பேசுவார்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அவளுக்குப் புரியாது என்ற தைரியத்தில் அவளைப் பற்றியே தமிழில் பேசுவார்கள். பழகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்வாள். பழகவில்லை.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள்.

அவளுக்கு அப்பா இல்லை. அப்படித்தான் அம்மா கன்னியம்மா சொல்லி வளர்த்திருந்தாள். அப்பா ஜோசப் மசாவே, தான்சானியாவிலிருந்து தாம்பரத்துக்கு இன்ஜினியரிங் படிக்க வந்தவர். ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலை செய்துகொண்டிருந்த கோவளத்து மீனவப் பெண்ணைக் காதலித்துத் தாலி கட்டியவர். மகளுக்கு மூன்று வயதாகும்போது விசா முடிந்து ஊருக்குப் போனார். போன இடத்தில் ஒரு விபத்தில் இறந்துபோனார். போன ஞாயிற்றுக்கிழமை வரை வெண்ணிலா அதைத்தான் நம்பியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பராக்கா வந்தான்.

சிறுசேரியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, 'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு' என்று ஒரு போஸ்டர் தயாரித்து அவள் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தது. போஸ்டர் இணையத்தில் சுற்றி, சென்னையில் படிக்கும் தான்சானியா மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. அங்கிருந்து, அப்பாவின் சிகிச்சைக்காக வந்திருந்த பராக்காவின் போனுக்கும் போயிற்று. 'வெண்ணிலா ஜோசப்' என்ற பெயரைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். அது அவனுடைய அத்தை நீமாவின் முகம்.

குரோம்பேட்டை ஜூஸ் கடையில் எதிரே உட்கார்ந்து, "நான் உன் தம்பி. அப்பா உயிரோடு இருக்கிறார். இதே ஊரில்தான் இருக்கிறார்" என்றான் அந்தப் பையன்.

அதற்கப்புறம் அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டால் அம்மா என்ன சொல்வாளோ என்ற பயம். அதைவிட, தான் என்ன சொல்லிவிடுவோமோ என்ற பயம். இன்று லீவு போட்டுவிட்டு, ஆபீஸுக்குக் கிளம்புவதுபோலவே கிளம்பி வந்திருந்தாள்.

இரண்டாவது மாடி வராந்தாவில் பராக்கா நின்றிருந்தான். அவளைவிட அரையடி உயரம். பத்தொன்பது வயதுதான் என்பது முகத்தில் தெரிந்தது.

"அப்பா மெஷினில் இருக்கிறார். முடியப் போகிறது" என்றான் ஆங்கிலத்தில்.

"நான் வரேன்னு சொல்லிட்டியா?"

"இல்லை." அவன் பார்வை அவள் தோளைத் தாண்டி எங்கோ போயிற்று. "நேரில் பார்க்கட்டும் என்று..."

அவன் முடிப்பதற்குள், கையில் ஃபைலோடு ஒரு பெண் வேகமாக வந்தாள். நீலத் தலைத்துணி, கழுத்தில் அடையாள அட்டை. சாஹிரா, மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவு என்று அதில் இருந்தது.

"பராக்கா, இவங்கதானா உங்க சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டு வெண்ணிலாவின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தமிழ் தெரியும்னு சொன்னார். நல்லதாப் போச்சு. பயப்படவே வேணாம்மா. இன்னிக்கு பிளட் குரூப் மட்டும்தான். அது சேர்ந்தா மத்த டெஸ்ட் எல்லாம் நிதானமாப் பாத்துக்கலாம்."

"எனக்கு எதுக்கு பிளட் குரூப்?"

சாஹிராவின் முகம் மாறியது. பராக்காவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்ககிட்ட எதுவும் சொல்லலையா?"

"இல்ல."

சாஹிரா ஃபைலை மூடினாள். "அப்படின்னா இன்னிக்கு ஒண்ணுமே வேணாம். கிட்னி குடுக்கறதுங்கறது உங்க மனசு சம்பந்தப்பட்டது. உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, நானும் விடமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் முதல்ல பேசுங்க." அவள் வந்த வேகத்திலேயே போய்விட்டாள்.

கிட்னி.

வெண்ணிலா மாடிப்படியை நோக்கி நடந்தாள். பராக்கா பின்னாலேயே ஓடிவந்தான்.

"அக்கா!"

ஞாயிற்றுக்கிழமை அவள்தான் அந்த வார்த்தையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்போது அது காதில் எரிந்தது.

"கூப்பிடாத அப்படி. தம்பின்னு வந்து உக்காந்தியே, எதுக்கு? ஸ்பேர் பார்ட் தேடிக்கிட்டா?" கோபத்தில் தமிழில் கத்தினாள். அவனுக்குப் புரியாது என்று உறைத்ததும் ஆங்கிலத்தில் மறுபடி கத்தினாள்.

அவன் அடி வாங்கியவன் போல நின்றான். "நான் கொடுக்கப் போனேன். என் ரத்தம் சேரவில்லை. என் அம்மா போன வருடம் இறந்துவிட்டாள். வேறு யாரும் இல்லை. இந்த நாட்டில் நெருங்கிய சொந்தம்தான் கொடுக்கலாம் என்கிறார்கள். உன் போட்டோவைப் பார்த்த அன்று சந்தோஷத்தில் அழுதேன். கிட்னி எனக்கு மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது. சத்தியம்."

"முதல் நாள் அழுதவன் வரல. மறுநாள் காலைல ஞாபகம் வந்தவன்தான் என்னைப் பாக்க வந்தான்."

அவள் இறங்கத் தொடங்கினாள். பாதிப் படியில் அவன் குரல் மேலிருந்து வந்தது.

"அவருக்கு எதுவுமே தெரியாது. கிட்னி பற்றியும் தெரியாது. நீ இருப்பதே தெரியாது."

வெண்ணிலா நின்றாள். "இருக்கறதே தெரியாதுன்னா?"

"நீ சின்ன வயதிலேயே இறந்துவிட்டாய் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் உன் பெயரைச் சொல்லி வருடம்தோறும் மெழுகுவத்தி ஏற்றுவார். ஞாயிற்றுக்கிழமையே இதைச் சொன்னால் நீ எழுந்து போய்விடுவாய் என்று பயந்தேன். அவரிடமும் சொல்லவில்லை. நீ வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், அவர் உன்னை இன்னொரு முறை இழக்க வேண்டாமே என்று நினைத்தேன்."

கீழே, வாசல் கதவுக்கு வெளியே, ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. இரண்டு நிமிட நடையில் பஸ் ஸ்டாப். போய்விடலாம். யாரும் பிடித்து நிறுத்தப் போவதில்லை.

அவள் திரும்பிப் படியேறினாள்.

டயாலிசிஸ் முடிந்தவர்கள் சற்று இளைப்பாற ஒரு சின்ன அறை இருந்தது. ஜன்னலோரம் ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஒரு காலத்தில் பெரிய உடம்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது சட்டை தோளில் தொங்கியது. கையில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள்.

காலடிச் சத்தத்தில் கண்ணைத் திறந்தார். வெண்ணிலாவைப் பார்த்தார்.

"நீமா?" என்றார்.

தங்கையின் பெயர். தூக்கக் கலக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பராக்கா அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து சுவாஹிலியில் ஏதோ சொன்னான். அவர் அவனைப் பார்க்கவே இல்லை.

"என் பேரு வெண்ணிலா" என்றாள் அவள். "கன்னியம்மா பொண்ணு."

"இன்னா சொன்ன?"

வெண்ணிலா உறைந்துபோனாள். தமிழ். அதுவும் இப்படிப்பட்ட தமிழ். அந்த 'இன்னா'வை இழுத்த இழுப்பு, கடைசியில் லேசாகத் தூக்கிய விதம், அப்படியே அம்மா. இந்த மனிதர் தமிழை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அம்மாவின் வாயிலிருந்து எடுத்திருக்கிறார்.

"பொய் சொல்லாதம்மா" என்றார் மெதுவாக. "வெண்ணிலா செத்துட்ச்சு. ஜுரம்... மஞ்சக் காமாலை. நான் வந்தேன். கோவளம் போனேன். கடலாண்ட சின்னதா மண்ணு மேடு. பூ வச்சேன்."

"யாரு சொன்னது செத்துட்டேன்னு?"

"கன்னி."

அறையில் வேறு யாரோ இருமினார்கள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், கையை மட்டும் நீட்டினார். அவள் அருகில் போனாள். அவர் விரல்கள் அவள் நெற்றியைத் தொட்டன, மூக்கைத் தொட்டன, காதைத் தொட்டன. பிறகு முடியைத் தொட்டதும் அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று.

"தலைக்கு எண்ண வெக்கலியா நீ?"

தினமும் காலையில் வாசல்வரை வந்து அம்மா கேட்கும் கேள்வி. வெண்ணிலா சிரிக்க நினைத்தாள். அழுகைதான் வந்தது. அவர் அழுதது அதைவிடப் பெரிதாக இருந்தது. நர்ஸ் ஓடிவந்து பி.பி. ஏறிவிடும் என்று அதட்டினாள்.

"நாளைக்கு வரேன்" என்று வெண்ணிலா கையை விடுவித்துக்கொண்டாள்.

"எங்க போற? இப்பதான வந்த."

"முடிச்சூர் ரோட்டுக்கு. வீட்டுக்கு." குரல் அவளுக்கே கடினமாகக் கேட்டது. "எங்கம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்."

*

கன்னியம்மாவின் மீன்கடை மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தின் முனையில் இருந்தது. மத்தியான வெயில். கூட்டம் குறைந்திருந்தது. ஒரே ஒரு அம்மாள் சங்கரா மீனைத் துண்டு போடச் சொல்லிவிட்டு நின்றிருந்தார்.

மகள் ஆபீஸ் நேரத்தில் எதிரே வந்து நிற்பதைக் கன்னியம்மா பார்த்தாள். "இன்னாடி, ஒடம்பு சரியில்லியா?"

"ஜோசப் மசாவேயைப் பாத்துட்டு வரேன்."

கத்தி நின்றது. மீன்காரியின் கை அப்படி நடுவில் நிற்காது. வாடிக்கைக்கார அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீதிய நாளைக்கு வாங்கிக்கக்கா" என்று சொல்லிக் கன்னியம்மா கத்தியைக் கழுவினாள். மீன்மேல் ஐஸைக் கொட்டித் தார்ப்பாயை இழுத்து மூடினாள். வீட்டை நோக்கி முன்னால் நடந்தாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் திரும்பினாள்.

"எங்க பாத்த?"

"குரோம்பேட்டை ஆஸ்பத்திரில. உயிரோட இருக்காரு. நான்தான் செத்துட்டேனாம். காமாலை வந்து."

கன்னியம்மா தலை குனியவில்லை. "ஆமா. நான்தான் சொன்னேன். இப்பக் கேட்டாலும் அதத்தான் சொல்வேன்."

"ஏம்மா?"

"ஏனா? போய்ச் சேந்துட்டேன்னு ஒரே ஒரு போன் பண்ணான். அதோட சரி. அஞ்சு வருஷம் கழிச்சு வந்து நிக்கறான். அங்க ஒருத்தியக் கட்டிகினு, ஒரு புள்ளயும் பெத்துகினு வந்து நிக்கறான். 'கன்னி, கொழந்தைய எங்கூட அனுப்பு, அங்க நல்ல ஸ்கூல் கீது, அவள யாரும் மொறச்சுப் பாக்கமாட்டாங்க'ன்றான். 'அப்ப நானு?'ன்னேன். 'நீ அப்பறமா வா'ன்றான்." மூச்சு வாங்கினாள். "அப்பறமா! நீ ஸ்கூல்ல இருந்த. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவ. உன்னக் கண்ணால பாத்தான்னா வுடமாட்டான். 'கொழந்த செத்துட்ச்சு'ன்னு சொல்லிட்டேன். வாசல்ல குந்திகினு அழுதான். எங்க பொதச்சீங்கன்னு கேட்டான். கோவளத்துலன்னேன். எங்கண்ணன் அரிகிருஷ்ணன் இட்டுகினு போய்க் காட்டுச்சு. போய்ட்டான்."

"அந்த மனுஷன் அழுதப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா எம்பொண்ணு எங்கூட இருந்திருப்பாளா? எனக்குன்னு இருந்தது நீ ஒருத்திதான்டி. குப்பத்துல எங்காளுங்க என்ன வுட்டுட்டாங்க. வாடகைக்கு வூடு குடுக்கல. 'இதுக்கு அப்பன் எந்த ஊரு'ன்னு எம்மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க. எல்லாத்தயும் ஒத்தையா நின்னு பாத்தேன்."

"அதைக் கேட்டது உன்னை மட்டும்தானா?" வெண்ணிலாவின் குரல் உயர்ந்தது. "ஸ்கூல்ல என் பேரைச் சொன்னாலே சிரிப்பாங்க. இந்தக் கலருக்கு வெண்ணிலாவான்னு. வீட்டுக்கு வந்து அழுதா, 'நீ எம்பொண்ணு, அவ்ளோதான்'னு சொல்லுவ. அவ்ளோதான் இல்லம்மா! உன் பாதி போக எனக்கு இன்னொரு பாதி இருக்கு. அதுக்கு ஊரு தெரியாது, பாஷை தெரியாது. ஒரு போட்டோ கூட நீ வச்சுக்கல. கண்ணாடில நான் யாரைப் பாக்கறேன்னு தெரியாமயே வளந்தேன். இன்னிக்குத்தான் பாத்தேன். என் மூக்கு, என் காது. ஒரு மனுஷன் முகத்துல அதெல்லாம் இருக்கறதை இன்னிக்குத்தாம்மா பாத்தேன்."

கன்னியம்மா குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தவள், சட்டென்று திரும்பினாள்.

"இப்ப எதுக்கு வந்தான்?"

பொய் சொல்லிவிடலாமா என்று வெண்ணிலா ஒரு நிமிடம் யோசித்தாள். அந்த வீட்டில் இருக்கும் பொய் போதும் என்று தோன்றியது. "ரெண்டு கிட்னியும் போயிடுச்சு."

"அதான பாத்தேன்!"

"அவரு எதுவும் கேக்கலம்மா. நான் இருக்கறதே இன்னிக்குத்தான் தெரியும் அவருக்கு. அந்தப் பையன்தான்..."

"இன்னிக்குக் கேக்கலன்னா நாளைக்குக் கேப்பான். அவன் கேக்கலன்னா அவன் புள்ள கேப்பான். நீ குடுத்துடுவ. உன்ன எனக்குத் தெரியாது?"

குடுப்பேன் என்றும் வெண்ணிலா சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நெற்றியைத் தொட்ட அந்த விரல்கள் சில்லென்று இருந்தது மட்டும் நினைவில் நின்றது. ஒரு நாள் பார்த்த மனிதருக்காக உடம்பை வெட்டிக் கொடுப்பார்களா? அப்பா என்றால் கொடுப்பார்களா? ஒரு நாள் அப்பாவுக்கு?

இருவரும் சாப்பிடவில்லை. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் இறங்கி, தெருவில் பள்ளிக்கூட வேன் வந்து போன பிறகு, வாசலில் ஓர் ஆட்டோ நின்றது.

"கன்னியம்மா வூடு இதாங்களா?" ஓட்டுநரின் குரல். "சார் கேக்கறாரு. நல்லா தமிழ் பேசறாருங்க!"

வெண்ணிலா எழுவதற்குள் கன்னியம்மா கதவைத் திறந்திருந்தாள்.

பராக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜோசப் இறங்கினார். எதிர்வீட்டு நூர் பீவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நாலைந்து தப்படிதான். அதற்குள் அவருக்கு இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது.

கன்னியம்மா வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த உடம்பு இப்படி ஆகியிருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அது ஒரு கணம் கண்ணில் தெரிந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டாள்.

"உள்ள வா. குந்து. தண்ணி குடி. ஆனா எம்பொண்ணாண்ட ஒண்ணும் கேக்காத. சொல்லிட்டேன்."

"கேக்கமாட்டேன்." அவர் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "பராக்கா எல்லாம் சொன்னான். வேணாம்னு சொல்ட்டேன். அவளாண்ட எனக்கு ஒண்ணும் வேணாம், கன்னி. அவ கீறா. அது போதும்."

பராக்கா வெண்ணிலாவைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"உன்னாண்டதான் கேக்கணும்" என்றார் ஜோசப். "அதுக்குத்தான் வந்தேன். கோவளத்துல உங்கண்ணன் எனக்குக் காட்னாரே. சின்ன மேடு. சுத்தி கல்லு வச்சிருந்துச்சு. பழைய கல்லு. பொய்க்கு யாரும் அப்டி கல்லு வெக்கமாட்டாங்க. வெண்ணிலா இங்க நிக்குது. அப்ப அங்க யாரு? நான் பூ வச்சு அழுதேனே, அது யாரு கன்னி?"

கன்னியம்மாவின் கை வாசற்கதவிலிருந்து நழுவியது.

வெண்ணிலா தன் அம்மாவை எத்தனையோ விதமாகப் பார்த்திருக்கிறாள். மீன் ஏலத்தில் ஆண்களோடு மல்லுக்கு நிற்பவளாக, பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியரின் மேஜையைத் தட்டிப் பேசுபவளாக. நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்துவிடும் அம்மாவை இன்றுதான் பார்த்தாள்.

"நீ போனப்ப வயித்துல இன்னொண்ணு கீதுன்னு எனக்கே தெரியாது" என்றாள் கன்னியம்மா. யாருக்கோ சொல்வதுபோலத் தெருவைப் பார்த்துச் சொன்னாள். "அப்பறம்தான் தெரிஞ்சுது. பையன். பொறந்ததும் கண்ணெல்லாம் மஞ்சளாயிட்ச்சு. தங்கல."

ஜோசப் கதவின் சட்டத்தைப் பிடித்தபடியே மெல்லப் படியில் உட்கார்ந்தார்.

"நீ அழுதது வீண் போவல" என்றாள் அவள். "அதுவும் உம் புள்ளதான்."